கம்பம் டீம் கயிறு மாறிய நாள்

கால்பந்து டீம் நடத்தப் புதிதாக இறங்கியிருக்கும் தம்பிகளா, போன வாரம் நீங்கள் என்னைப் பார்க்க வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "ஐயா, கல்யாண வீட்டுக்கு வந்தாத் தோள்ல துண்டு இருக்கு, கோயிலுக்கு வந்தாத் துண்டு இருக்கு, மைதானத்துக்கு மட்டும் ஏன் வெறுந்தோளோட வாரீக?" மற்றவர்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. டீம் நடத்துவதில் நான் கற்ற பெரிய பாடமே அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் டீயை மட்டும் வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டேனே என்று இருந்தது. ஆகவே எழுதுகிறேன்.

பந்துக்கு எவ்வளவு காற்று அடிப்பது, பூட்ஸ் எந்தக் கடையில் வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகப்போவதில்லை.

நான் சனீஸ்வரன் கோயில் இருக்கிற குச்சனூர்க்காரன். பள்ளிக்கூடத்தோடு என் பழக்கம் சீக்கிரமே முறிந்துவிட்டது. தேனிச் சந்தையில் ஒரு மாட்டுத் தரகருக்குக் கையாளாகச் சேர்ந்தேன். சந்தையில் பிடித்த மாடுகளைக் கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலையேற்றி மலையாளத்துக்கு ஓட்டிப்போவது வேலை. "சனீஸ்வரன் ஊர்க்காரனைப் புதுசா எந்தச் சனி பிடிக்கப்போகுது" என்று சந்தையில் கேலி பேசுவார்கள். பிடிக்கத்தான் செய்தது! மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட் மைதானத்தில், கொட்டுகிற மழையில், சேற்றில் உருண்டு புரண்டு ஒரு கூட்டம் பந்தை உதைத்துக்கொண்டிருந்தது. அதுவரை நான் கால்பந்து பார்த்தவனில்லை. ஓட்டிவந்த மாடுகளை மறந்து வாயைப் பிளந்து நின்றேன். அதில் ஒரு காளை எஸ்டேட் துரைமார் பங்களாவுக்குள் புகுந்து பூச்செடியையெல்லாம் மேய்ந்துவிட்டது. அதற்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அடுத்த தடவை மாடு ஓட்டிப்போனபோது ஆட்டம் நடக்கும் நாளாகப் பார்த்துத்தான் போனேன்.

கையாள் தரகரானேன். தரகன் ஒரு பழைய லாரி வாங்கினேன். எழுபதுகள் பிறந்தபோது தேனியில் எனக்கென்று லாரி ஷெட்டும், வாசலில் வரிசையாக லாரிகளும் நின்றன. உடனே செய்த முதல் காரியம், தேனி டீம். டிரைவர்கள், கிளீனர்கள், பஜார் கடைக்காரர்களின் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து நீலச் சட்டை போட்டார்கள். அது ஜெயிக்க ஆரம்பித்ததும் கம்பத்தில் திராட்சை லோடு ஏற்றுகிற இடத்தில் ஆட்கள் மடக்கினார்கள். "தேனிக்கு மட்டுந்தேன் டீமா? எங்க பயலுகளுக்குக் கால் இல்லையா?" என்றார்கள். சரியென்று கம்பம் டீமையும் தொடங்கினேன். அவர்களுக்கு மஞ்சள் சட்டை. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு டீம், இரண்டும் என்னுடையது! அந்தக் காலத்தில் என் தலை எந்த அளவு வீங்கியிருந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேனி டீமுக்குப் பயிற்சி கொடுக்க மலையிலிருந்து ஒருவரை அழைத்துவந்தேன். முன்னாள் கோல்கீப்பர், மலையாளி. எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பெயரை நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. வந்த முதல் நாளே என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "மொதலாளிக்கு கிரவுண்டுல ஒரே ஜோலிதான். மிண்டாம இருக்கணும்." மிண்டாமல் என்றால் வாயைத் திறக்காமல். கோபம் வந்தது. சோறு போடுகிறவன் நான், வாயை மூடு என்கிறாரே என்று. ஆனால் ஆள் தொழில் தெரிந்தவர் என்பதால் அடங்கிப்போனேன். அன்றிலிருந்து, நான் சொல்லப்போகிற நாள் வரைக்கும், ஆட்டம் நடக்கும்போது என் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

ரெண்டாவது டீம் தொடங்கியபோது அவர் இன்னொன்றும் சொன்னார். "ரெண்டும் ஒருநாள் நேருக்கு நேர் வரும். அப்ப நிங்ஙள் எந்த பெஞ்சில் இரிக்கும்?" நான் சிரித்தேன். "வரட்டும் மாஸ்டர், எது ஜெயிச்சாலும் கப்பு நம்ம ஷெட்டுக்குத்தானே வருது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பத்தில் மாடுகள் வைத்துப் பால் வியாபாரம் செய்த பேச்சியம்மா. கம்பம் டீம் கேப்டன் சுருளிவேலின் தாயார். மாட்டுச் சந்தையில் விலை எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. விற்கிறவனும் வாங்குகிறவனும் வாயால் விலை சொல்வதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டுவிடுவார்கள். துண்டுக்குள் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் வேறு கணக்கு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் தரகனாக இருந்தபோது பேச்சியம்மா ஒரு கறவை மாடு பிடிக்கச் சந்தைக்கு வந்தார். மாட்டுக்காரர் சார்பில் நான் துண்டை எடுத்துக்கொண்டு, "யாரு ஆத்தா உங்களுக்காகப் பேசுறது?" என்று கேட்டேன்.

"நாந்தேன் பேசுறேன். எடுங்க தரகரே அந்தத் துண்ட. மூடி வச்சுப் பேசுற வெலை எனக்கு வேணாம். ஊரு கேக்கச் சொல்லுங்க."

சந்தையே திரும்பிப் பார்த்தது. ஊர் கேட்கச் சொன்னேன், ஊர் கேட்கக் குறைத்தார், ஊர் கேட்க மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் லாரிக்காரனாகி, ஊரெல்லாம் என்னை மொதலாளி என்றபோதும் அவர் மட்டும் என்னைத் தரகரே என்றுதான் கூப்பிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டர் சொன்ன நாள் வந்தது. ஆடி மாதம், கம்பத்தில் டோர்னமெண்ட். மதுரை, திண்டுக்கல்லிலிருந்தெல்லாம் டீம்கள் வந்து ஒவ்வொன்றாகத் தோற்றுப்போக, ஃபைனலுக்கு நின்றவை தேனியும் கம்பமும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தைச் சொல்லி முடியாது. திராட்சைத் தோட்டத்து ஆட்கள், மாட்டுக்காரர்கள், கூடலூர்க்காரர்கள், மாட்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தவர்கள். கூட்டத்தை மறிக்க மைதானத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கட்டியிருந்த கயிறுகூட என் லாரிக் கயிறுதான். வந்த ஜனத்தில் பெரும்பகுதி மஞ்சள் கட்சி. நான் எந்த பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். மாஸ்டர் நீல பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

இடைவேளையில் ஆளுக்கு ஒரு கோல். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து சாரல் இறங்கியது. கொஞ்ச நேரம்தான். ஆனால் மைதானத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடெல்லாம் கரைந்துபோயிற்று. புதிதாகக் கோடு போடச் சுண்ணாம்பு மூட்டை வேண்டும். அது கம்பத்தில் நான் வைத்திருந்த இன்னொரு ஷெட்டில் கிடந்தது. ரெஃப்ரி வெளியூர்க்காரர், பாவம், என்னிடம் நேராக நடந்து வந்து கேட்டார்: "சார், சுண்ணாம்பு வர எவ்வளவு ஆகும்?"

தம்பிகளா, சந்தையில் வளர்ந்தவன் காதில் 'எவ்வளவு' என்ற சொல் விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? கை தானாகப் போகும். என் கை அவர் கையைப் பிடித்தது. தோளில் இருந்த துண்டு அதன்மேல் விழுந்தது. உள்ளே ஐந்து விரலையும் சேர்த்து இரண்டு தடவை அழுத்தினேன். பத்து நிமிஷம் என்று சொல்கிறேனாம்! வாய் மிண்டவில்லை, மாஸ்டர் சொன்னபடிதான் இருந்தேன். கைக்கு அவர் ஒன்றும் சொல்லிவைக்கவில்லையே. ரெஃப்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை உருவிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நான் செய்தது என்னவென்று எனக்கே உறைக்கவில்லை. ஆளை அனுப்பிச் சுண்ணாம்பு எடுத்துவரச் சொன்னேன்.

ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார்? மாடு பிடித்தவர்கள், மாடு விற்றவர்கள். அத்தனை பேருக்கும் துண்டுக்குள் கை போனால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

கோடு போட்டு மறுபடி ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கோலுக்கு முன்னால் ஒரு பந்து எகிறிவந்தது. சுருளிவேல் மார்பால் தடுக்கப் பாய்ந்தான். ரெஃப்ரி விசில் ஊதினார். பந்து கையில் பட்டுவிட்டது, தேனிக்கு பெனால்டி என்று கையைக் காட்டினார்.

உடனே கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். என்னோடு சந்தையில் நின்ற பழைய தரகர் ஒருவர். "துண்டு போட்டுட்டான்டோய்! நான் பாத்தேன், துண்டு ரெண்டு தடவ துள்ளுச்சு! பத்துக்கு முடிச்சுட்டான், பத்துக்கு!"

அவ்வளவுதான். கயிறு இருந்த இடம் தெரியவில்லை. ஜனம் உள்ளே பாய்ந்துவிட்டது. செருப்பு பறந்தது, மண்ணாங்கட்டி பறந்தது. நீலச் சட்டைக்காரர்கள் மாஸ்டரைச் சுற்றி ஒண்டிக்கொண்டார்கள். "கம்பத்த வித்துட்டான்! சொந்த டீமையே வித்துட்டான்!" என்று நாலு பக்கமும் கத்தல். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அட பாவி, துண்டு! அடி விழும் என்ற பயமில்லை. அந்தப் பயல்கள் வெயிலில் தோட்டவேலை பார்த்துவிட்டு வந்து வெறுங்காலில் ஓடிப் பழகியதையெல்லாம் பார்த்தவன் நான். இந்த ஆட்டம் இப்படி நின்றுபோனால் கம்பத்தில் ஒரு தாய் தன் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப மாட்டாள். டீம் அன்றோடு செத்துப்போகும்.

அதற்குத் தக்கபடி பேச்சியம்மா நடு மைதானத்துக்கு வந்துவிட்டார். சுருளிவேலின் கையைப் பிடித்து இழுத்தார். "கழட்டுறா சட்டைய! வித்த ஆட்டத்த நீ ஆட வேணாம். வீட்டுக்கு வா." அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

ரெஃப்ரி என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். முகத்தில் ரத்தமில்லை. "சார், பெனால்டிய கேன்சல் பண்ணிடவா? நீங்க சொல்லுங்க, பண்ணிடுறேன்."

கவனமாகக் கேளுங்கள், இந்த இடம்தான் முக்கியம். வாய் வரைக்கும் வந்துவிட்டது, 'பண்ணிருங்க' என்று. கூட்டம் அடங்கும், எல்லாரும் பத்திரமாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் நான் சொல்லி அவர் கேன்சல் செய்தால், நான் சொல்லித்தான் பெனால்டி கொடுத்தார் என்றும் ஆகிவிடும்! கப்பை இரண்டு டீமுக்கும் பாதிப் பாதி என்று அறிவிக்கலாம். அதுவும் நான் சொல்வதுதான். ஆட்டத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளலாம். அதுவும் என் வாயிலிருந்துதான் வர வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நின்றேன். என் டீம், என் டீம், என் சுண்ணாம்பு, என் கயிறு. தூரத்திலிருந்து மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த பெஞ்சு என்று அன்றைக்குக் கேட்ட அதே பார்வை.

ஓடினேன். தரையில் மிதிபட்டுக் கிடந்த கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு நடு மைதானத்துக்குப் போனேன். முதுகில் ஏதோ வந்து விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சியம்மாவுக்கு முன்னால் நின்று துண்டை உருவி உதறித் தரையில் விரித்துப் போட்டேன். சந்தை ஆட்களுக்கு அது போதும். இனிப் பேசுவதெல்லாம் வாய்ப்பேச்சு என்று புரிந்துகொண்டார்கள். இரைச்சல் கொஞ்சம் தணிந்தது.

"ஆத்தா, கம்பம் டீமக் குடுக்குறேன். பிடிங்க கயித்த" என்றேன்.

கயிறு கைமாறினால் மாடு கைமாறியது என்று அர்த்தம். அதற்குப் பிறகு விற்றவனுக்குப் பேச்சில்லை. அவருக்குத் தெரியாதா! கையை நீட்டாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கெதுக்கு டீமு? பால் கறக்கவே எனக்குப் பொழுது பத்தல."

"ஊருல யாரு பேரச் சொன்னாலும் துண்டப் போட்டான்னுவாக. உங்களச் சொல்ல மாட்டாக ஆத்தா."

"குடுத்துட்டுப் பின்னால நின்னு ஆட்டுவீகளா?"

"மாட்டேன்."

"எனக்குக் கேட்டாப் பத்தாது தரகரே. ஊரு கேக்கச் சொல்லுங்க."

தொண்டை கிழியக் கத்தினேன். "கம்பம் டீமு இனி என்னுது இல்ல! பேச்சியம்மாவுது! இங்கனயே குடுத்துட்டேன்!"

சும்மா கொடுத்தால் செல்லாது என்று அவருக்குத் தெரியும். முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையை எடுத்து விலையாக என் கையில் வைத்தார். கயிற்றை வாங்கி உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அப்புறம் அவர் செய்ததுதான், தம்பிகளா, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. மகன் பக்கம் திரும்பி, மைதானமே கேட்கக் கேட்டார்.

"ஏலே, பந்து கையில பட்டுச்சா?"

சுருளிவேல் தலையை நிமிர்த்தினான். "பட்டுச்சு ஆத்தா. அப்பவே சொல்ல வந்தேன்."

"நெசமா?"

"நெசமாத்தேன்."

"அப்பப் பெறகென்ன? அடிக்கட்டும்." கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசினார். "ஏய், எல்லாரும் கயித்துக்கு அங்கிட்டுப் போங்கய்யா! எங்க டீமு ஆட வேணாமா?"

அதே கேள்வியை நான் கேட்டிருந்தால்? அதே பதிலை அவன் சொல்லியிருந்தாலும் எவன் நம்பியிருப்பான்? ரெஃப்ரியே நூறு தடவை சொன்னாலும் அடங்காத ஜனம், முணுமுணுத்துக்கொண்டே கயிற்றுக்குப் பின்னால் நகர்ந்தது. அந்தப் பழைய தரகர்தான் முதல் ஆளாகப் போய்க் கம்பை நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

நான் துண்டை எடுக்க மறந்து, நாற்காலியை எடுத்துக்கொண்டு நீல பெஞ்சுக்குப் போனேன். மாஸ்டர் நகர்ந்து இடம் விட்டார். "இப்ப மொதலாளியாயி" என்றார். இப்போதுதான் முதலாளி ஆனீர்கள் என்று அர்த்தம்.

பெனால்டி கோல். தேனி முன்னால் போய்விட்டது. அப்புறம் நடந்தது ஆட்டமா அது! மஞ்சள் பயல்களுக்கு எங்கிருந்துதான் வெறி வந்ததோ, வழுக்குகிற மைதானத்தில் பறந்தார்கள். எங்கள் ஆட்கள் பந்தைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. சுருளிவேல் பாதி மைதானத்திலிருந்து ஒற்றை ஆளாகக் கொண்டுவந்து, இரண்டு பேரை ஏமாற்றி, கோல்கீப்பர் விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உருட்டிவிட்டான். கோல்! நான் எழுந்து குதித்தேன். "அடிச்சான் பாரு என் சிங்கம்!" என்று கத்தியேவிட்டேன். மாஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இரிக்கு மொதலாளி! அது நம்ம கோல் அல்ல!"

கடைசியில் ஜெயித்தது தேனிதான். முடிகிற நேரத்தில் ஒரு கார்னர், ஒரு தலை, உள்ளே போய்விட்டது. விசில் ஊதியதும் மொத்தக் கூட்டமும் பேச்சியம்மாவைப் பார்த்தது. அவர் கயிற்றோரம் நின்றபடி இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். "ஆடுனாகய்யா நம்ம பயலுக! பாத்தீகளா ஆடுனத!" பக்கத்தில் நின்றவர்கள் தட்டினார்கள். அப்படியே சுற்றிவந்து மைதானம் முழுக்கக் கைதட்டல். தோற்ற டீமைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு செருப்பு விழவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுருளிவேலை ஒரு தடவை கட்டிப்பிடித்துவிட வேண்டும் என்று அந்தப் பக்கம் ஓடினேன். கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கியபோது பேச்சியம்மா குறுக்கே கையை நீட்டினார்.

"தரகரே, கயித்துக்கு அங்கிட்டே நில்லுங்க. எங்க பயலுகள நாங்க பாத்துக்கிறோம்."

தூக்கிய காலைக் கீழே வைத்தேன். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே சிரிப்பு வந்தது. மாட்டேன் என்று ஊர் கேட்கக் கத்தியவன் நான்தானே. அங்கிருந்தபடியே கையைத் தூக்கி ஆட்டினேன். தோளில் சவாரி செய்துகொண்டிருந்த சுருளிவேலும் கையை ஆட்டினான்.

கம்பம் டீம் பிழைத்தது. திராட்சைத் தோட்டக்காரர்கள் கைகொடுத்தார்கள், பயல்களுக்குப் பால் பேச்சியம்மா வீட்டிலிருந்து போயிற்று. வெளியூர் ஆட்டத்துக்குப் போக என் லாரியைக் கேட்டு வந்தபோதுகூட வாடகையை வாயால் பேசி முடித்த பிறகுதான் ஏறினார்கள். தேனிக்கே வந்து எங்களைத் தோற்கடித்துவிட்டுப் போன வருஷங்களும் உண்டு. நீங்கள் டீம் நடத்தும்போது ஊர் உங்கள்மேல் பாயும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு யார் உங்களைத் திட்டுகிறார்களோ, அவர்களில் துண்டு போடாத ஆள் யாரென்று தேடிப் பாருங்கள். மைதானத்தில் விரித்துப் போட்ட துண்டை நான் திரும்ப எடுக்கவில்லை. அதனால்தான் இந்த வெறுந்தோள்.

அந்தக் கயிறும் என் கயிறுதான். நல்ல லாரிக் கயிறு, புதுசு. திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பேச்சியம்மா தந்திருக்க மாட்டார்.